ஸ்வயம் பாடத்தைப் பட்டப்படிப்பின் மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் தானாக நடந்துவிடாது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்வயம் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஐஐடிக்கள் சேர்ந்து ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியே தேறியாக வேண்டும். வாராந்தரப் பயிற்சிகளை அலட்சியப்படுத்துபவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் படிப்பவருக்கு ஐஐடி பேராசிரியரின் வகுப்பு கிடைப்பது பெரிய வாய்ப்பு. அதையே சாக்காக வைத்துப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதை மட்டும் ஏற்கவே முடியாது.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். எந்தப் பாடத்துக்கு ஈடாக என்பதைக் கல்வி நிறுவனம்தான் முடிவு செய்யும். பதிவு செய்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.