பின்பட்டன் ஃபோகஸ் வைத்தால் எக்ஸ்போஷரைப் பூட்டுவது எப்படி? கேள்வி பதில்

காங்கயம்: ஏனுங்கண்ணா, ஃபோகஸை ஷட்டரிலிருந்து கேமராவின் முதுகில் இருக்கும் பின்பட்டனுக்கு மாற்றினதிலிருந்து வெளிச்சம் படத்துக்குப் படம் மாறுதுங்க. கேமரா கேனான். மாட்டுச் சந்தையில் எடுத்தது பாதி கறுத்துப்போச்சு.

தம்பி, முன்பு ஒரே விரல் இரண்டு வேலை பார்த்தது. ஒன்ஷாட் ஃபோகஸும் (ஒருமுறை விழுந்து அப்படியே நிற்பது) எவாலுவேட்டிவ் மீட்டரிங்கும் (ஃபிரேம் முழுக்க வெளிச்சம் அளப்பது) இருந்தால், ஷட்டரைப் பாதி அமுக்கி ஃபோகஸ் விழுந்ததும் எக்ஸ்போஷரும், அதாவது படத்தின் வெளிச்ச அளவும், சேர்ந்து பூட்டிக்கொள்ளும். ஃபோகஸைக் கட்டைவிரலுக்குக் கொடுத்து, ஷட்டருக்கு மீட்டரிங்கை மட்டும் விட்டால், படம் விழும் நொடி வரை கேமரா அளந்துகொண்டே இருக்கும். பூட்டுவதற்கு நட்சத்திரக் குறி போட்ட பட்டன் தனியாக இருக்கிறது.

கண்ணபுரம் சந்தையில் மயிலைக் காளை நிற்கிறது, பின்னால் வெளுத்த வானம் என்று வையுங்கள். வானத்தோடு அளந்தால் காளை முகம் கறுக்கத்தான் செய்யும். வானம் வராமல் காளையின் விலாவை ஃபிரேம் முழுக்க நிரப்பி நட்சத்திரத்தை அமுக்குங்கள். வியூஃபைண்டரில் நட்சத்திரம் தெரியும். அப்புறம் ஃபிரேமை மாற்றி, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எடுங்கள். வரிசையாகப் பல படம் வேண்டுமானால் பட்டனை விடாமல் பிடிக்க வேண்டும். மயிலை வெளிர் நிறம், கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). காரி கறுப்பு, அந்தக் காளைக்கு இறக்க வேண்டும்.

முக்கியம்: இந்த செட்டிங்கோடு கேமராவை மாமா, மச்சானிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் ஷட்டரை மட்டும் அமுக்குவார்கள், எல்லாம் மங்கலாக வரும்.

கோபி: நிக்கான் டி3500. ஃபோகஸ் வைக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனே பின்னால் இல்லை.

வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டும் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனையே மெனுவில் ஏஎஃப்-ஆன் ஆக்கலாம். அப்போது வெளிச்சப் பூட்டுக்கு பட்டன் இருக்காது. அதே மெனுவில் 'ஷட்டர் ரிலீஸ் பட்டன் ஏஇ-எல்' இருக்கும், ஆன் செய்யுங்கள். பாதி அமுக்கினால் வெளிச்சம் நிற்கும்.

உடுமலை: சோனியில்?

ஒரு கஸ்டம் பட்டனுக்கு ஏஇஎல் ஹோல்டு கொடுங்கள், அமுக்கியிருக்கும் வரை வெளிச்சம் பூட்டியிருக்கும். டாகிள் வேண்டாம். டாகிளில் மறுபடி அமுக்கும் வரை பூட்டு திறக்காது, மறந்தால் அடுத்த படங்களும் போச்சு.

பொள்ளாச்சி: மேனுவலில், எல்லாவற்றையும் கையால் வைத்தால், இந்தப் பூட்டே தேவையில்லையே. எதற்கு இவ்வளவு பாடு?

பாதி சரிங்க. நஞ்சராயன் குளத்தில் கொக்கு பறக்கிறது. பின்னணி ஒரு நொடி வானம், மறுநொடி மரம். கொக்கு மேல் விழும் வெயில் மாறவில்லை. அங்கே மேனுவல்தான், நானும் அப்படித்தான். ஆனால் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மேகம் ஓடும்போது, உங்கள் ஊரிலேயே வெயிலும் நிழலும் மாறிமாறி வருமே? டயலைத் திருகி முடிப்பதற்குள் கொக்கு பறந்துவிடும்.

அவிநாசி: மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே வைப்பது) போட்டால் முடிந்தது.

முடியவில்லை, திரும்பவும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டதும் வெளிச்சத்தை மறுபடி கேமராதான் முடிவு செய்கிறது. அதே பூட்டு அங்கேயும் வேண்டும். இந்தமுறை நிற்பது ஐஎஸ்ஓ.

பொள்ளாச்சி: அப்படியென்றால் அது மேனுவலே இல்லை. நான் சொன்னதுதான் சரி.

பெயரை என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓவையும் கையில் வைத்தால் உங்கள் பேச்சு சரி, விட்டால் அவிநாசிக்காரருக்குச் சொன்ன பதில்தான். இதோடு விடுவோம்.

பெருந்துறை: அண்ணா, என் நிக்கானில் ஏஎஃப்-ஆன் பட்டன் இல்லை…

கோபிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாராபுரம்: நிக்கான் டி3500, ஏஎஃப்-ஆன் எங்கே இருக்கிறது?

மேலே. படிக்காமல் கேட்காதீர்கள் சாமி.

பல்லடம்: ஐம்பதாயிரத்துக்குள் எந்தக் கேமரா வாங்கலாம்?

அது இன்னொரு நாள்.

சத்தியமங்கலம்: கல்யாணத்தில் கேனானின் நட்சத்திரத்தை அமுக்கினால் ஃபிளாஷ் அடிக்கிறது. பழுதுங்களான்னு அக்கா கேட்கச் சொன்னாங்க.

பழுதில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். ஃபிளாஷ் ஆனில் இருந்தால் அந்தப் பட்டன் ஃபிளாஷ் அளவைப் பூட்டும், அதற்கு ஒரு முன்னொளி அடித்துப் பார்க்கும். பெண்ணின் முகத்தை நடுவில் வைத்து அமுக்கிவிட்டு ஃபிரேமை மாற்றச் சொல்லுங்கள். தாலி கட்டும் நேரத்தில் வேண்டாம். முன்னொளிக்கு நாலு பேர் கண்ணை மூடிவிடுவார்கள்.