சிறுதேர்வு வைத்தும் மாணவர் முன்னேறவில்லை: வளரறி மதிப்பீட்டில் எங்கே தவறுகிறோம்?

கேள்வி: ஆறாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வகுப்பில் 42 மாணவர்கள். வாரந்தோறும் பத்து மதிப்பெண்ணுக்குச் சிறுதேர்வு வைத்து, இரவில் உட்கார்ந்து திருத்தி, பதிவேட்டில் ஏற்றுகிறேன். முதல் வாரம் மூன்று வாங்கியவர் பத்தாம் வாரமும் மூன்றே வாங்குகிறார். என் வளரறி மதிப்பீட்டில் என்ன குறை?

பதில்: உங்கள் உழைப்பில் குறை இல்லை. ஆனால் கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே குறையைக் கண்டு திருத்த உதவுவதே வளரறி மதிப்பீடு. நீங்கள் நடத்துவது அது அல்ல. ஆண்டுத் தேர்வையே சிறு துண்டுகளாக வெட்டி வாரந்தோறும் நடத்துகிறீர்கள். தேர்வு சிறியதா பெரியதா, மாதத்துக்கு எத்தனை முறை நடக்கிறது என்பவற்றைப் பொறுத்து ஒரு மதிப்பீடு வளரறி மதிப்பீடு ஆவதில்லை. அதில் தெரியவந்ததைக் கொண்டு அடுத்த பாடவேளையில் ஆசிரியரோ மாணவரோ எதையேனும் மாற்றிச் செய்தார்களா என்பதே அளவுகோல். மதிப்பீட்டியல் அறிஞர் மைக்கேல் ஸ்கிரிவன் 1967இல் பாடத்திட்டங்களை மதிப்பிடுவது குறித்து எழுதியபோது, இடையில் திருத்த உதவும் மதிப்பீட்டுக்கும் முடிவில் எடைபோடும் மதிப்பீட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை முன்வைத்தார். பின்னர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் அதை மாணவர் கற்றலுக்குக் கொண்டுவந்தார். இருவர் எழுத்திலும் மையமாக இருந்தது திருத்தம். நம் கைக்கு வந்து சேர்ந்ததோ பதிவேடு.

உங்கள் மாணவர் மூன்று வாங்கினார் என்பதிலிருந்து அவருக்கு எது புரியவில்லை என்று உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாது, ஏனெனில் மதிப்பெண் அதைச் சொல்லாது. தசம எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 0.35, 0.8 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்டால், முப்பத்தைந்து எட்டைவிடப் பெரியது என்று எண்ணிச் சில பிள்ளைகள் 0.35 என்பார்கள். இன்னும் சிலர் 0.8 என்று சரியாகச் சொல்லுவார்கள். ஆனால் காரணம் கேட்டால், நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியதாகிவிடும் என்று விளக்குவார்கள். அதே பிள்ளைகளிடம் 0.3, 0.75 ஆகியவற்றைக் கேளுங்கள். முதல் கூட்டம் இப்போது சரியாகச் சொல்லும், இரண்டாம் கூட்டம் தவறும். இரண்டு கேள்விக்கும் ஒரு மதிப்பெண் வீதம் போட்டால் இரு கூட்டத்தாரும் இரண்டுக்கு ஒன்று வாங்கிப் பதிவேட்டில் ஒரே மாதிரி தெரிவார்கள். அவர்களுக்கு வேண்டிய உதவியோ முற்றிலும் வேறு. முதல் கூட்டத்துக்கு 0.8 என்பதும் 0.80 என்பதும் ஒன்றே என்று நூறு கட்டங்கள் கொண்ட சதுரத்தில் நிழலிட்டுக் காட்ட வேண்டும். இரண்டாம் கூட்டத்துக்கு, நூறில் ஒன்று சிறியதாயினும் அதில் எழுபத்தைந்து சேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்க வைக்க வேண்டும்.

எனவே வாரத் தேர்வைக் குறைத்துவிட்டு, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் இத்தகைய இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரும் துண்டுச் சீட்டில் விடையும் ஒரு வரிக் காரணமும் எழுதித் தரட்டும். திருத்த வேண்டாம், பிழையின் வகைப்படி மூன்று குவியலாகப் பிரியுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும், உங்கள் இரவும் மிஞ்சும். மறுநாள் பாடத்தை அந்தக் குவியல்களிலிருந்து தொடங்குங்கள். மறுநாள் எதையும் மாற்ற நேரமில்லை என்று தெரிந்தால் அன்று சீட்டே வாங்க வேண்டாம்.

சீட்டைத் திருப்பித் தரும்போது மதிப்பெண் போடாதீர்கள். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. குறிப்பும் ‘நன்று’, ‘முயற்சி செய்’ என்று இருந்தால் பயனில்லை. அடுத்துச் செய்ய வேண்டியதை அது சொல்ல வேண்டும்.

மதிப்பெண் வேண்டாம் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால் விரிவாகவே சொல்லுகிறேன். வாய்பாடு போல, புரிந்த பின் மனத்தில் நிலைக்க வேண்டிய செய்திகளில் எத்தனை சரி என்ற எண்ணிக்கையே மாணவருக்குப் போதிய தகவல். இருபதில் பதினான்கு சரி என்றால், மீதி ஆறையும் மீண்டும் பயில வேண்டும் என்று அவருக்கே விளங்கும். ஆனால் அந்த எண்ணிக்கையை மாணவரே திருத்தி, தம் குறிப்பேட்டில் தாமே எழுத வேண்டும். சென்ற வாரத்துத் தம் எண்ணோடு மட்டும் ஒப்பிட வேண்டும். உரக்க வாசிப்பதும், சுவரில் ஒட்டுவதும், பெற்றோருக்கு அனுப்புவதும் கூடாது. வாய்பாட்டோடு ஒரு வாழ்க்கைக் கணக்கைச் சேர்த்துவிட்டாலே இந்த விலக்கு செல்லாது. ஏனெனில் அங்கே பிழை நினைவில் நேர்ந்ததா, புரிதலில் நேர்ந்ததா என்பதை எண்ணிக்கை காட்டாது.

இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். வளரறி மதிப்பீடு கட்டாயம் என்று எங்கெல்லாம் ஆணை வருகிறதோ, அங்கெல்லாம் அதன் பின்னாலேயே வணிகர்கள் வருகிறார்கள். ஆயத்த வினாத்தாள், செயல்பாட்டுப் பெட்டி, வண்ண வரைபடம் தரும் மென்பொருள், ஏன், முன்கூட்டியே நிரப்பிய பதிவேடுகூட விற்கிறார்கள். வாங்கச் சொல்லி உங்களை எவரேனும் வற்புறுத்தினால் ஒன்று கேளுங்கள்: இந்த வினாவின் ஒவ்வொரு தவறான விடையும் மாணவரின் எந்தத் தவறான எண்ணத்தைக் காட்டுகிறது? இதற்கு விடை சொல்லத் தெரியாதவரின் பொருள் உங்களுக்கு வேண்டாம். 42 பேரில் 19 பேர் சிவப்பு என்று காட்டும் வரைபடம், அந்த 19 பேரும் ஏன் தவறினார்கள் என்று சொல்லாவிட்டால், அது உங்கள் பதிவேட்டுக்கு வண்ணம் பூசியதே தவிர வேறில்லை. இந்த வணிகத்துக்கு இடம் தருவது ஆய்வுக்கு வரும் அதிகாரிகளின் பழக்கமே. கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள், நேற்றைய பிழையால் இன்றைய பாடம் எப்படி மாறியது என்று ஒரு முறையாவது கேட்டிருந்தால், ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகள் வெறும் எண்களை நிரப்பிக் களைத்திருக்க மாட்டார்கள்.

பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டும் என்று உங்கள் தலைமையாசிரியர் கேட்கக்கூடும். பாடம் முழுவதும் முடிந்து, பிழைகளைத் திருத்திய பின் ஒரு தேர்வு வைத்து அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள். துண்டுச் சீட்டுகள் கற்கும்போது செய்யும் பிழைகளைக் காட்டுபவை. அவற்றை எண்ணாக்கிப் பதிவேட்டில் ஏற்றினால், அடுத்த முறை பிள்ளைகள் தங்களுக்குப் புரியாததை எழுதாமல் பக்கத்துச் சீட்டைப் பார்த்து எழுதுவார்கள்.