போதனைத்தன்மை ஒரு குறையா?

கேள்வி: சிறுவர்களுக்காக நான் எழுதிய கதையை, "போதனை வாடை அடிக்கிறது" என்று குறிப்பெழுதிப் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கற்பிக்கும் நோக்கில் எழுதுவதே தவறா? எப்படித் திருத்துவது?

பதில்: கற்பிக்கும் நோக்கம் தவறன்று. அந்த நோக்கம் உங்கள் கதையில் தலைகாட்டிய இடத்தைத்தான் அவர் குறை சொல்லியிருப்பார் என்று கருதுகிறேன்.

ஓர் அறிவையோ ஒழுக்கத்தையோ தொழில்முறையையோ புகட்டுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட எழுத்தும் கலையும் போதனைப் பாங்கின. பதினெண்கீழ்க்கணக்கின் 18 நூல்களில் 11 அறநூல்கள் என்பதிலிருந்தே இப்பாங்கு நம் மொழியில் பெற்றிருந்த மதிப்பு விளங்கும். கி.மு. முதலாம் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ், அணுக் கொள்கையை 6 பகுதிகள் கொண்ட நெடும்பாடலாக விளக்கியபோது, குழந்தைக்குக் கசப்பு மருந்து புகட்டும் மருத்துவர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதைப் போலத் தாம் கவிதையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். 'போதனை' என்பது வசைச்சொல் போல ஒலிப்பதெல்லாம் பிற்கால வழக்கு.

ஓவியத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த், தந்தையின் சொத்தைச் சூதிலும் கேளிக்கையிலும் அழித்துச் சிறைக்கும், பின்னர் மனநோய் விடுதிக்கும் போய்ச்சேரும் ஓர் இளைஞனை 8 ஓவியங்களில் தீட்டினார். 1735இல் அவற்றைச் செதுக்கோவியங்களாக அச்சிட்டபோது ஒவ்வொன்றின் கீழும் அறிவுரைச் செய்யுள் சேர்க்கப்பட்டது. என் கண்ணுக்கு அச்செய்யுள்கள் வீண்; செல்வத்தில் தொடங்கியவன் கடைசிப் படத்தில் அரைநிர்வாணமாகத் தரையில் கிடப்பதே போதுமான பாடம்.

உங்கள் கதையிலும் அத்தகைய செய்யுள் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது கடைசிப் பத்தியாக இருக்கும்; இல்லையேல், உபதேசம் செய்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு தாத்தாவாக இருக்கும். (தாத்தாவை நீக்க மனம் வராவிட்டால், அவருக்கும் ஒரு தவறான முடிவை எடுக்கும் வாய்ப்பைக் கொடுங்கள்.) அப்பகுதியை நீக்கிய படியை, கதையை முன்பு அறியாத ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ கொடுத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று மட்டும் கேளுங்கள்; என்ன கற்றாய் என்று கேட்காதீர்கள். விடையில் நீங்கள் கருதிய பொருள் வந்துவிட்டால், நீக்கியது மிகையே. வராவிட்டாலும் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். கதையின் நடுவில் ஒரு நிகழ்ச்சி குறைகிறது என்று கொள்ளுங்கள். அனேகமாக அது, பாத்திரம் தன் செயலால் எதையேனும் உண்மையிலேயே இழக்கும் நிகழ்ச்சியாக இருக்கும்.

பாடநூலுக்கும் செய்முறை விளக்கத்திற்கும் இந்த மறைப்பு பொருந்தாது. அங்கே சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.