ரோமில் மூன்று நாள், முழங்கால் வலியோடு

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ரோம் போகிறோம். முழுதாக மூன்று நாள் கிடைக்கும். கொலோசியம், வத்திகன் இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. எப்படித் திட்டமிடலாம்?
- ஈசூன் வாசகி

பதில்: முதலில் தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் 8, 25, 26 மூன்று நாளும் வத்திகன் அருங்காட்சியகம் திறக்காது. ஞாயிறும் விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறன்று மட்டும் காலையில் திறப்பார்கள், இலவசம்தான். ஆனால் அன்றைய வரிசையில் அம்மாவை நிறுத்த வேண்டாம். கொலோசியத்துக்கு டிசம்பர் 25, ஜனவரி 1 விடுமுறை.

அடுத்தது வெளிச்சம். சிங்கப்பூரில் நமக்கு ஆண்டு முழுதும் ஏழு மணிவாக்கில்தான் பொழுது சாயும். டிசம்பர் ரோமில் 4.40க்கே சூரியன் மறைந்துவிடும். கொலோசியத்தை 4.30க்கு மூடிவிடுவார்கள், கடைசி அனுமதி அதற்கு ஒரு மணி நேரம் முன்பு. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கொலோசியத்தின் 24 மணி நேரச் சீட்டில் பண்டைய நகர மையத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பாலடைன் குன்றும் அடங்கும். பகல் ஒரு மணிக்குக் கொலோசியம், மறுநாள் காலை ஃபோரம் என்று பிரித்துக்கொண்டால் அம்மாவின் கால் தாங்கும். ஃபோரத்தின் பழைய கல்பாதை மேடுபள்ளமாக இருக்கும், பிடிப்பான காலணி வேண்டும். சீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் கடப்பிதழில் உள்ளபடியே பதியுங்கள். தந்தை பெயர் முன்பின்னாக மாறியிருந்தால் வாசலில் நின்று விளக்க வேண்டிவரும்.

வத்திகனில் அருங்காட்சியகமும் புனித பேதுரு பேராலயமும் வேறு வேறு வாசல்கள். மதிலைச் சுற்றிக் கால் மணி நேரத்துக்குக் குறையாத நடை. பேராலயத்துக்குக் கட்டணமில்லை, காலை 7 மணிக்கே போய்விடுங்கள். புதன் காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடப்பதால் அந்த நாள் வேண்டாம். குவிமாடத்துக்கு 551 படிகள். மின்தூக்கியில் போனாலும் 320 படி பாக்கி என்பது பலருக்குத் தெரிவதில்லை! அம்மா மின்தூக்கி நிற்கும் கூரைத்தளத்தோடு நின்றுகொள்ளட்டும். அருங்காட்சியகத்தின் உள்ளே இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. மைக்கலாஞ்சலோ விதானத்தை வரைந்தது 1508 முதல் 1512 வரை. பீடச் சுவரில் உள்ள அவருடைய இறுதித் தீர்ப்பு ஓவியம் 1536க்கும் 1541க்கும் இடையில். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், ஒரே கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று புரியும்.

அம்மாவுக்கு மிகவும் பிடிக்கப்போவது பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் என்று நினைக்கிறோம். உள்ளே சமதளம், கட்டணம் 5 யூரோ. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. கம்பியே இல்லாத கான்கிரீட். மேலே போகப் போக நுரைக்கல் கலந்து எடையைக் குறைத்திருக்கிறார்கள். உச்சி வட்டம் திறந்தே இருக்கும். மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், தரைத் துளைகள் வழியே வடிந்துவிடும்.

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள். கணவர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். விசா வேண்டுமா?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: உங்களுக்கு வேண்டாம், 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். அவருக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) அவசியம், நிரந்தரவாசம் அதற்கு ஈடாகாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பது சிரமம், செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.