ஒருமுறை கைதட்டிவிட்டேன், இனி எதிர்த்துப் பேசலாமா?

கேள்வி: எங்கள் நாடு போரில் இறங்கியிருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினமும் அதை ஆதரித்துச் செய்திகள். எனக்கோ இந்தப் போர் தவறென்றே படுகிறது. வாயைத் திறந்தால் துரோகி என்பார்கள், வேலையும் போகலாம். முதல் வாரத்தில் நானும் ஒரு செய்திக்குக் கைதட்டல் பொம்மை போட்டுத் தொலைத்தேன். இனி மறுத்துப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

பதில்: உங்களை அதிகம் உறுத்துவது அந்தக் கைதட்டல்தான் போலிருக்கிறது. ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் லீப்க்னெக்ட், முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில், கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்து, போர்ச் செலவுக்கு அரசு கேட்ட கடனுக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தார். டிசம்பர் 2 அன்று அரசு மறுபடி கடன் கேட்டு வந்தது. அன்று எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். காரணங்களை எழுதிக் கொடுத்தார். அவைத் தலைவர் அதைக் குறிப்பேட்டில் ஏற்ற மறுத்துவிட்டார். பிறகு அது துண்டறிக்கையாகக் கைமாறியது. அந்த டிசம்பர் வாக்குக்கு ஆகஸ்ட் வாக்கு தடையாக நிற்கவில்லை. உங்கள் கைதட்டலும் நிற்காது.

சரி, எதை எதிர்க்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'போர் தவறு' என்பது போதாது. எந்த முடிவு, எந்த உத்தரவு? 2001 செப்டம்பர் 14 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் போர் அதிகாரத் தீர்மானத்துக்கு ஆதரவாக 420 பேர் ஒரு பக்கம், எதிர்த்து உறுப்பினர் பார்பரா லீ மட்டும் மறுபக்கம். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றே நாள். இறந்தவர்களுக்காக அவரும் துக்கப்பட்டார்; மறுத்தது, படையை ஏவ அதிபருக்கு எல்லை வரையாமல் அதிகாரம் கொடுத்ததை. கொலை மிரட்டல் வந்தது என்பதும் உண்மை. ஆனாலும் என்ன எதிர்க்கிறார் என்பதில் குழப்பமில்லை. உங்களோடு வேலை செய்பவரின் தம்பி களத்தில் இருக்கலாம். உங்கள் வாக்கியம் அந்தப் பையனைக் குத்துகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள்.

அப்புறம் சட்டம். போருக்கு முன்பிருந்த சட்டத்தை நம்பிப் பேசாதீர்கள். இன்றைய நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1918-ல் அமெரிக்க சோசலிஸ்ட் தலைவர் யூஜீன் டெப்ஸுக்குப் போரை எதிர்த்த ஒரு மேடைப் பேச்சுக்காகப் பத்தாண்டு சிறை விதித்தார்கள். ரஷ்யாவில் 2022 மார்ச்சில் வந்த சட்டப்படி, படையைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பியதாகச் சொல்லி 15 ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். படை நகர்வுப் படங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் பகிராதீர்கள். அதற்கும் மனசாட்சிக்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆபத்தென்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் முடிவாகியிருக்கட்டும். 1941-ல் ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்துக்குத் தனியொருத்தியாக வேண்டாம் என்ற அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜெனட் ராங்கின், கூட்டம் சூழ்ந்ததும் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு காவலரை அழைத்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழுவில் இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம். இதுவரை கைதட்டாத ஒருவர் அங்கே இருக்கக்கூடும். முதலில் அவரிடம் நேரில் பேசுங்கள்.