கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி எதுவும் கேட்க முடியாதா?

கேள்வி: ஜனவரியில் அம்மா, கணவருடன் மெக்சிகோ போயிருந்தேன். துலும் அருகே மூன்று செனோட்டேக்களில் (சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் இயற்கைக் குளங்கள்) நீச்சல், ஸ்நார்கலிங், வழிகாட்டி, வேன், நுழைவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,400 பெசோ என்று அங்குள்ள ஒரு டூர் நிறுவனத்தின் இணையதளத்தில் கார்டு மூலம் கட்டினோம். வேன் கிளம்பிய பிறகு ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாவது இடம் இன்று இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் நுழைவுக்கட்டணம் என்று ஆளுக்கு 300 பெசோ கையில் வாங்கினார்கள். அங்கே தண்ணீருக்கு இறங்கும் மரப்படியில் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார்கள்.

பதில்: அம்மாவின் கை நல்லபடியாகக் கூட வேண்டும். நீங்கள் அனுப்பிய தாளை இரண்டு முறை படித்தேன். ஒரே பக்கம், பொடி எழுத்து. 'எந்தக் காயத்துக்கும், எந்தக் காரணத்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல' என்பதுதான் சாரம். ஸ்பானிய மொழியில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்குச் சாதகமான முதல் விஷயமே அதுதான்.

மெக்சிகோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1992-இல் வந்தது. நிறுவனமே அச்சடித்து நீட்டும் இப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும், வெறும் கண்ணால் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது அதன் 85-ஆம் பிரிவு. கூடவே வேறு மொழியிலும் தரலாம். வேறு மொழியில் மட்டும் தந்தால் போதாது. 90-ஆம் பிரிவு இன்னும் முக்கியம். விற்பவரைச் சிவில் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாசகத்தை, அது அங்கே எழுதப்படவே இல்லை என்பதுபோல் ஒதுக்கிவிடச் சொல்கிறது. ஒப்பந்தத்தை வாடிக்கையாளரே மீறியிருந்தால் மட்டும்தான் அதற்கு விலக்கு. இந்தச் சட்டம் தரும் உரிமைகளை எழுதிக் கொடுத்தும் விட்டுவிட முடியாது. எனவே அந்தக் கையெழுத்தைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்தத் தாள் அவர்களுக்கு முழுக்க வீண் அல்ல. 'படிகள் ஈரமாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்து இறங்கவும்' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அதைக் காட்டி, முன்பே எச்சரித்தோம் என்பார்கள். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கும் செனோட்டேயில் ஈரப்படி இயல்புதானே என்றும் சொல்வார்கள். அதற்கான பதில் உங்கள் கணவர் எடுத்த படத்திலேயே இருக்கிறது: இடப்பக்கக் கைப்பிடிக் கயிறு கம்பத்திலிருந்து அவிழ்ந்து தொங்குகிறது, கீழே இருந்து மூன்றாவது படியில் பச்சையாகப் பாசி. பிடிக்கச் சொன்ன கைப்பிடியே அங்கே இல்லை என்றால் இது இயற்கையின் ஆபத்து அல்ல, பராமரிப்புக் குறை. மூலப் படத்தை நாள், நேரத் தகவலோடு அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி போதாது.

அப்புறம், படி யாருடையது என்ற கேள்வி வரும். அந்தப் பக்கத்தில் பல செனோட்டேக்கள் எஹிதோ எனப்படும் ஊர்ப் பொதுநிலத்திலோ தனியார் நிலத்திலோ இருக்கின்றன. பராமரிப்பு நிலத்துக்காரர் வேலை என்று டூர் நிறுவனம் கைகாட்டலாம். அவருக்கும் பொறுப்பு இருக்கலாம்தான். ஆனால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் வாங்கி, அம்மாவை அந்தப் படியில் இறக்கியவர்கள் இவர்கள். என் பார்வையில் முதல் கடிதம் இவர்களுக்கே போக வேண்டும்.

பண விஷயம் சுலபம். சொன்ன விலையையும் நிபந்தனையையும் மதிக்க வேண்டும் என்பது 7-ஆம் பிரிவு. ஆகவே கையில் வாங்கிய 900 பெசோவைத் திருப்பிக் கேளுங்கள், காட்டாத மூன்றாவது இடத்துக்கான பங்கையும் கேளுங்கள். சேவை குறைபாடாக இருந்தால் இழப்பீடு கட்டிய விலையில் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நீங்கள் கட்டியது 7,200. அதில் 1,440 பெசோ. இணையதளத்தில் 'நுழைவுக்கட்டணம் உட்பட' என்றிருந்த பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள். நாளைக்கே மாற்றிவிடலாம்.

புகார் செய்ய வேண்டிய இடம் ப்ரோஃபெகோ, மெக்சிகோவின் நுகர்வோர் அமைப்பு. வெளிநாட்டில் வசிப்பவர்களின் புகார்களுக்கென்றே அங்கே ஒரு சமரசப் பிரிவு இருக்கிறது, திரும்பப் பயணம் செய்ய வேண்டியதில்லை. சேவை நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். ஆனால் கார்டு வழங்கிய வங்கியிடம் தகராறு எழுப்ப சில மாதங்கள்தான் தருவார்கள், அதை இந்த வாரமே செய்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அங்கேயும் உடனே தெரிவியுங்கள்.

ப்ரோஃபெகோவின் வேலை முதன்மையாகச் சமரசம். விலையும் சேவைக் குறையும் அங்கே தீரலாம். எலும்பு முறிவுக்கான பெரிய தொகையை நிறுவனம் தர மறுத்தால் அந்த மாநிலத்தில், கின்தானா ரோவில், சிவில் வழக்குத்தான் வழி. அதற்கு உள்ளூர் வழக்கறிஞர் வேண்டும். செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மருத்துவச் செலவு சிறியது, காப்பீடு ஈடுகட்டுகிறது என்றால் நான் வழக்கு வேண்டாம் என்பேன். கை பழையபடி வராது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் கதை வேறு. அப்போது தயங்காதீர்கள்.

இப்போதைக்கு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல், முடிந்தால் ஸ்பானிய மொழியிலும். அதில் வழிகாட்டியின் பெயர், சுற்றுலா வழிகாட்டி அடையாள அட்டை எண், அன்றைய விபத்துப் பதிவு, அவர்களுடைய பொறுப்புக் காப்பீட்டு விவரம் ஆகியவற்றைக் கேளுங்கள். பத்து நாள் கெடு கொடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சலைப் புகாருடன் இணையுங்கள்.