கப்பல் குளத்தில் டயப்பர் குழந்தையை இறக்கலாமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் குடும்பத்தோடு, அங்கிருந்து புறப்படும் நான்கு இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்கு மே மாத விடுமுறையில் போக ஏற்பாடு நடக்கிறது. மகனுக்கு ஐந்தரை வயது. மகளுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம், இன்னும் டயப்பர்தான். கப்பலில் குழந்தைகளுக்குத் தனிக் குளம் இருக்கிறது, நீச்சல் டயப்பர் கட்டினால் தாராளமாக இறக்கலாம் என்று டிக்கெட் போடும் முகவர் சொல்கிறார். மாமியாரோ, இரண்டு பேரையும் தண்ணீர்ப் பக்கமே விடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகளை இறக்காதீர்கள். பெரிய குளமும் வேண்டாம், குழந்தைகள் குளமும் வேண்டாம். மகனை இறக்கலாம், நீங்களோ உங்கள் கணவரோ அவன் கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்பதாக இருந்தால். கப்பல் மருத்துவராக வேலை பார்த்துவிட்டு இப்போது இந்த டெல்டாவில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பதிலை இத்தோடு முடித்திருப்பேன். முகவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை.

நீச்சல் டயப்பர் தண்ணீரில் ஊறி உப்பாது, அவிழ்ந்து தொங்காது. அதன் சிறப்பு அவ்வளவுதான். சிறுநீரை அது நிறுத்தாது. மலம் கெட்டியாக இருந்தால் பிடித்து வைக்கும். இளகிப் போனால் சில நிமிடங்களிலேயே குளத்தில் கலக்கத் தொடங்கிவிடும். கும்பகோணம் காப்பி பில்டரில் தூள் மேலே தங்கி டிகாக்‌ஷன் கீழே இறங்குகிறதல்லவா, அதே கதை: கண்ணுக்குத் தெரிவது தங்கும், நோய் தருவது இறங்கிவிடும். ‘கசியாது’ என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பதை நம்பி இறக்கும் தாய்மார்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி அச்சடிக்க விட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

குளோரின் போடுகிறார்களே என்பீர்கள். போடுகிறார்கள், பெரும்பாலான கிருமிகள் அதில் சாகவும் செய்கின்றன. சரியான அளவில் குளோரின் இருந்தால் ஈ.கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குக் கால் மணி நேரம் ஆகும், ஜியார்டியாவுக்கு முக்கால் மணி நேரம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. ஒழுங்காகக் குளோரின் போட்ட தண்ணீரிலேயே அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். உங்கள் பயணமே நான்கு இரவு. முதல் நாள் ஒரு குழந்தை விட்டுச் சென்றதை உங்கள் மகன் கடைசி நாள் குடிக்கலாம். குடிக்கத்தான் செய்வான்: முக்கால் மணி நேரம் நீந்தும் பிள்ளைகள் சராசரியாக 37 மில்லி லிட்டர் தண்ணீரை விழுங்குவதாக ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. பெரியவர்கள் விழுங்குவது அதில் பாதிகூட இல்லை.

கப்பல் குளம் சிறியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல மாடி உயரத்தில் தண்ணீர்ப் பாரத்தைத் தூக்கி வைப்பது கப்பலின் நிலைப்புக்கு நல்லதல்ல என்பதால் அளந்துதான் கட்டுவார்கள். அந்தச் சிறிய தண்ணீரில் நாள் முழுவதும் நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள். ஒரு குழந்தைக்குப் பேதியானது தெரிந்தால் குளத்தை மூடி, குளோரினைப் பல மடங்கு ஏற்றிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை வெளியேற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். தெரிந்தால் செய்வார்கள். டயப்பருக்குள் நடப்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

இதற்கு விதி இல்லாமலில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975-ல் பயணிகள் கப்பல்களுக்கென்று ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களில் சொல்லாமல் ஏறிச் சோதிக்கிறார்கள். நூற்றுக்கு 86 வாங்கினால்தான் தேர்ச்சி. மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டயப்பர் கட்டிய குழந்தையும் கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தையும் குளத்தில் இறங்கக் கூடாது என்று அந்தத் திட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. சிங்கப்பூரிலிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் போய்வரும் கப்பலை அமெரிக்க விதி கட்டுப்படுத்தாதுதான். ஆனால் உலகமெங்கும் கப்பல் ஓட்டும் பெரிய நிறுவனங்கள் பலவும் இதே விதியை எங்கும் கடைப்பிடிக்கின்றன. உங்கள் முகவர் சொன்னதற்கு நேர்மாறான அறிவிப்புப் பலகையைத்தான் குளத்தின் ஓரத்தில் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள்.

நம் நாட்டு நிலைமையை நினைத்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினோம். துறைமுக சுகாதார அலுவலகம் கப்பல்களைச் சோதித்துச் சுகாதாரச் சான்றிதழ் தருகிறது; அது ஆறு மாதம் செல்லும். சரி, கைக்குழந்தையோடு டிக்கெட் வாங்கும் ஒரு தாய், அந்தக் கப்பலின் குளத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி வேண்டாமா? இங்கே ஊருக்கு ஊர் நீச்சல் குளம் கட்டி மணிக் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால் முறைக்கிறார்கள். பிள்ளை மூழ்கிய பிறகு எச்சரிக்கைப் பலகை நடும் பழக்கத்தை எப்போதுதான் விடப்போகிறோம்?

ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலை அந்த இடத்தில்தான் நடக்கிறது. பெரிய கப்பல்கள் சிலவற்றில் டயப்பர் குழந்தைகளுக்கென்றே ஒரு நீர்விளையாட்டுப் பகுதி அமைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து தண்ணீர் பீச்சும், அல்லது கணுக்கால் அளவு நிற்கும். அந்தத் தண்ணீருக்குத் தனி வடிகட்டி, தனிச் சுத்திகரிப்பு உண்டு. மற்றக் குளங்களின் தண்ணீரோடு அது எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. சுற்றிலும் தடுப்பு இருக்கும், டயப்பர் மாற்றும் இடம் பக்கத்திலேயே இருக்கும், நீச்சல் டயப்பர் கட்டிய சிறு குழந்தைகளுக்கு மட்டும் என்ற பலகையும் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அங்கே உங்கள் மகளை விடலாம். அங்கேயும் மற்றக் குழந்தைகளின் டயப்பர்கள் கசியத்தான் செய்யும். ஆகவே சிறிது நேரம் போதும், தண்ணீரை வாயில் எடுக்க விடாதீர்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள்.

முகவர் சொல்லும் ‘குழந்தைகள் குளம்’ இது கிடையாது. யானைத் தும்பிக்கை, சறுக்குமரம், வண்ணக் குடை என்று படத்தில் காட்டுகிறார்களே, அது நான்கு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கானது. ஆழம் குறைவு என்பதால் டயப்பர் குழந்தைக்கு ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. ஆழம் குறைந்த குளத்தில் தண்ணீரும் குறைவு. அழுக்கு அங்கே சீக்கிரம் சேரும். குழந்தைகளுக்கான எல்லாக் குளத்தையும் ஒரே பெயரில் விற்கிறார்கள், நீங்களும் ஒன்றுதான் என்று நினைத்துப் பணம் கட்டுகிறீர்கள்.

இந்த முகவர்களைப் பற்றி எச்சரிக்காமல் விட மாட்டேன். நேர்மையானவர்களும் இருக்கிறார்கள், என் மேசைக்கு வந்து சேர்வது மற்றவர்கள் செய்த வேலை. ஒரு கப்பலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேறொரு கப்பலின் படத்தைக் காட்டுவார்கள். கப்பலின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில் குளங்கள் வேறு வேறாக இருக்கும். ‘இரண்டு வயதுக் குழந்தை இலவசம்’ என்பார்கள். கப்பலில் கைக்குழந்தையும் ஓர் ஆள். உயிர்காப்புப் படகில் அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். கட்டணம் இல்லாவிட்டாலும் துறைமுக வரி, பணியாளர் படி என்று ஏதாவது வரும், ஏறும் நாளில் வாங்குவார்கள். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்றும் இறங்கும் நாடுகளுக்குத் தனி விசா வேண்டுமா என்றும் இப்போதே பாருங்கள். ‘எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஒரே பதில் வந்தால் முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் கெட்டது, குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள் என்ற யோசனை. பல குடும்பங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். இந்த விதி உங்கள் மகளை மட்டும் காப்பதற்காக வந்ததில்லை. பக்கத்தில் நீந்தும் யாரோ ஒரு வீட்டுக் குழந்தையை, புற்றுநோய் மருத்துவம் முடிந்து காற்று வாங்க வந்திருக்கும் ஒரு பாட்டியைக் காப்பதற்கும்தான். பொய் சொல்லி இறக்கி, அவர்களில் ஒருவர் படுத்தால் அந்தப் பாரம் முகவரைச் சேராது.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் அண்ணனை விட்டே கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். கப்பலின் பெயர், புறப்படும் தேதி, குழந்தையின் வயது, டயப்பர் கட்டுகிறாள் என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, டயப்பர் குழந்தைகளுக்கென்று தனிச் சுத்திகரிப்பு உள்ள நீர்ப்பகுதி இந்தக் கப்பலில் இருக்கிறதா, அந்தத் தேதியில் திறந்திருக்குமா என்று கேட்கட்டும். பதில் எழுத்தில் வரட்டும். ஆம் என்று வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மகன். உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பார்த்து வளர்ந்த தண்ணீர் அப்படி. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாகக் கடைமடை வரை தண்ணீர் வந்ததும் வாய்க்காலில் குதிக்கும் பிள்ளைகள் நம்முடையவர்கள். காவிரிக்கரைப் பிள்ளைக்குத் தண்ணீர் புதிதா என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழியில் இறங்கிய பிள்ளை திரும்பாமல் போவதும் ஒரே ஊரில்தான் நடக்கின்றன. 2021-ல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

பல கப்பல்களில் குளத்துக்கு உயிர்காப்பாளர் கிடையாது. இல்லை என்பதைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள்; யாரும் படிப்பதில்லை. இரண்டு குடும்பம் சேர்ந்து போகும்போது ஆபத்து கூடுகிறது. ஆறு பெரியவர்கள் இருப்பார்கள், ஒருவர் பார்க்கிறார் என்று மற்ற ஐவரும் நினைப்பார்கள். ஆகவே ஒருவரை நியமியுங்கள். ‘இப்போது நான் பார்க்கிறேன்’ என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுந்து போனால் அடுத்தவர் அதையே சொன்ன பிறகுதான் போக வேண்டும். அந்த நேரத்தில் கைப்பேசி அவர் கையில் இருக்கக் கூடாது. காற்றடித்த கைமிதவைகளை நம்பாதீர்கள்; கழன்றும் விடும், காற்றும் இறங்கும். அலை அதிகமான நாளில் குளத்துத் தண்ணீரும் சேர்ந்து புரளும். வலை போட்டு மூடிவிட்டால் வாதாடாமல் திரும்பி வாருங்கள். வெந்நீர்த் தொட்டி ஐந்தரை வயதுக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் 40 டிகிரி வரை இருக்கும், சின்ன உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது.

பயணத்துக்கு முன் வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டிருந்தால், தளத்தில் நடக்கும்போது தொப்பி போடுங்கள். கடல் வெயில் வெறும் தலையில் சீக்கிரம் சுடும். மகளுக்கு விளையாட்டுத் தண்ணீர் வேண்டும் என்றால் அறையின் குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு, ஒரு குவளையைக் கையில் கொடுத்து நீங்களும் கூடவே உட்காருங்கள். இரண்டு வயதுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

புறப்படுவதற்கு முன் இருவரில் யாருக்காவது பேதி வந்தால், நின்ற பிறகும் இரண்டு வாரம் குளம் கிடையாது, மகனுக்கும் கிடையாது. நான் முன்பு சொன்ன ஒட்டுண்ணி, பேதி நின்ற பிறகும் வெளியேறிக்கொண்டிருக்கும். கப்பல் ஏறும்முன் உடல்நிலை பற்றி ஒரு படிவம் தருவார்கள். ‘இல்லை என்றே போடுங்கள், இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்’ என்று முகவர் சொல்வார், உள்ளதை எழுதுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது கடலில் இருக்கையில் ஆகும் மருத்துவச் செலவும் அதில் அடங்குமா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். கப்பல் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினால் வரும் தொகை நம் ஊர்த் தொகையாக இருக்காது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். பெட்டி அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும்.